குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு நகரும் நிரல்: காத்து நிற்காத பதிவிறக்கம்

தண்டையார்பேட்டையில் மாலை வேளைகளில் நான் பைத்தான் கற்றுத்தருகிறேன். மாறி, பட்டியல், சுழல் ஆகியவற்றைக் கடந்து வந்த மாணவர்கள் பெரும்பாலும் எழுதிப் பார்க்க விரும்பும் முதல் உருப்படியான நிரல், ஏதேனும் ஒரு தளத்தில் வரிசை எண்ணிட்டு வைக்கப்பட்டிருக்கும் கோப்புகள் அனைத்தையும் தங்கள் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் நிரல்தான். அண்மையில் ஒரு மாணவி 200 மின்னூல்களை அவ்வாறு இறக்கும் நிரலை எழுதிக்கொண்டு வந்தார். அதில் பிழை ஏதுமில்லை. எல்லாக் கோப்புகளும் வந்து சேர்ந்தன. ஆனால் அது ஓடி முடிய இரண்டு நிமிடத்துக்கு அருகில் ஆயிற்று. அந்த நேரம் முழுவதும் செயலி ஏறத்தாழ ஓய்ந்தே இருந்ததை அவரே கவனித்திருந்தார். "கம்ப்யூட்டரும் சும்மா இருக்கு, நெட்டும் சும்மா இருக்கு, அப்புறம் ஏன் சார் இவ்ளோ நேரம்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கான விடையைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நேரம் எங்கே போகிறது

கோப்புகள் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள ஒரு சர்வரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து அது நேர்கோட்டில் ஏறத்தாழ 13,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. ஆகவே ஒரு செய்தி அங்கே போய் அதன் மறுமொழி இங்கே வந்து சேர, எந்த நிறுவனத்தின் இணைப்பை எவ்வளவு பணம் கொடுத்து வாங்கினாலும், 135 மில்லிநொடிக்குக் குறையாது. சென்னையில் தொடங்கிக் கடலடியில் சிங்கப்பூர் வரை செல்லும் ஐ2ஐ கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர்; அந்தப் பக்கத்து ஊருக்குப் போய்வரவே 32 மில்லிநொடி வேண்டும்.

ஒரு கோப்பைக் கேட்டு வாங்க இப்படி ஒருமுறை போய்வருவது, அதாவது ஒரு போக்குவரத்து, போதாது. முதலில் சர்வருடன் டிசிபி (தரவைத் தவறாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறை) இணைப்பை ஏற்படுத்த ஒரு போக்குவரத்து, அதன்மேல் டிஎல்எஸ் 1.3 குறியாக்கத்தை அமைத்துக்கொள்ள இன்னொன்று, பிறகு எச்டிடிபியின் (கோப்புகளைக் கேட்டு வாங்கும் இணைய நெறிமுறை) 'கெட்' கோரிக்கையை அனுப்பி மறுமொழியின் முதல் பைட்டைப் பெற மூன்றாவது என, ஒளியின் வேகத்தை மட்டும் கணக்கிட்டாலே 405 மில்லிநொடி ஆகிறது. கேபிள் நேர்கோட்டில் செல்வதில்லை, இடையிலுள்ள ரவுட்டர்களும் சர்வரும் தத்தம் நேரத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால் இதை அரை நொடி என்று கொள்ளலாம். கோப்பு வந்து இறங்குவதற்கான நேரம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 200 கிலோபைட் அளவுள்ள ஒரு மின்னூல், நொடிக்கு 40 மெகாபிட் இணைப்பில் (ஒரு பைட் என்பது 8 பிட்) 0.04 நொடியில் வந்துவிடும். டிசிபி மெல்லத் தொடங்கிப் படிப்படியாக வேகம் கூட்டும் வழக்கத்தை, கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதைச் சேர்த்தால் காத்திருப்பு கூடுமே தவிரக் குறையாது.

ஆக, ஒரு கோப்புக்கு 0.54 நொடி; அதில் 0.5 நொடி வெறும் காத்திருப்பு. 200 கோப்புகளுக்கு 108 நொடி. அதில் 100 நொடி நிரல் எதையும் செய்யாமல் நிற்கிறது. மாணவி பார்த்தது இதைத்தான். அவர் பயன்படுத்திய 'ரிக்வெஸ்ட்ஸ்' நூலகத்தின் 'கெட்' என்ற செயற்கூறு, மறுமொழி வரும்வரை அடுத்த வரிக்கு நிரலை நகரவிடாது. நல்ல நூலகம்தான், ஆனால் அதன் இயல்பு அது.

குழாயடியில் ஒருவர்

வடசென்னையில் வளர்ந்த எவருக்கும் இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. தெருமுனையில் நான்கு குழாய்கள். தண்ணீர் நூல்போல ஒழுகுகிறது. ஒரு பெண் முதல் குழாயில் ஒரு குடத்தை வைத்துவிட்டு அது நிரம்பும்வரை அருகிலேயே நின்று, நிரம்பியதை வீட்டுக்குள் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து, அடுத்த குடத்தை வைக்கிறார். மற்ற மூன்று குழாய்களும் அந்த நேரத்தில் வீணே மண்ணில் ஒழுகுகின்றன. மாணவியின் முதல் நிரல் இப்படிப்பட்டது. ஆனால் நம் தெருக்களில் யார் அப்படித் தண்ணீர் பிடிக்கிறார்கள்? நான்கு குழாயிலும் நான்கு குடங்களை வைத்துவிட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். "அக்கா, உன் குடம் ரொம்பிடுச்சு" என்று ஒரு குரல் வந்ததும் போய் அந்தக் குடத்தை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பார்கள். ஆள் ஒருவர்தான், கைகளும் இரண்டுதான். குழாயின் வேகமும் மாறவில்லை. மாறியது, குடம் நிரம்புவதற்காக ஆள் நிற்க வேண்டியதில்லை என்பது மட்டும்தான்.

இதைத்தான் கணினித் துறையில் ஏசிங்க்ரனஸ் என்கிறார்கள். தமிழில் 'ஒத்திசைவற்ற' என்ற சொல் புழங்குகிறது. ஏதோ தாளம் தப்பிவிட்டது என்ற எண்ணத்தை அது தருவதால் தொடக்க நிலை மாணவர்களிடம் நான் அதைத் தவிர்க்கிறேன். 'காத்து நிற்காத' என்று சொன்னால் பொருள் நேராகப் போய்ச் சேர்கிறது. இங்கே வேகம் எதுவும் கூட்டப்படவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் "ஏசிங்க் போட்டால் வேகமாகும்" என்று மனப்பாடம் செய்தவர்கள்தான் பின்னால் அதிகம் குழம்புகிறார்கள்.

நான்கு குழாய்க்கு நான்கு பேரை அனுப்பினாலும் இதே பயன் கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும், அதற்குப் பெயர் திரெட். இருபது முப்பது கோப்புகளுக்கு அந்த வழியே எளிது, அதில் தவறும் இல்லை. ஒரே நேரத்தில் நிலுவையில் நிற்கும் வேலைகள் நூறு, ஆயிரம் எனப் பெருகும்போதுதான், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆளை நிறுத்துவது கட்டுப்படியாகாமல் போகிறது.

பைத்தானில் இது எப்படி அமைகிறது

குடங்களைக் கவனித்துக்கொள்ளும் அந்த ஒற்றை ஆளுக்குப் பைத்தானில் ஈவென்ட் லூப் என்று பெயர். அது 'ஏசிங்க்ஐஓ' என்ற தொகுதியில் இருக்கிறது. 2014-இல் வெளிவந்த பைத்தான் 3.4-இல் அந்தத் தொகுதி சேர்க்கப்பட்டது. இன்று நாம் எழுதும் 'ஏசிங்க்', 'அவெய்ட்' என்ற இரு சொற்களும் 2015-இல் 3.5 பதிப்போடு வந்தன. இவை பைத்தானின் கண்டுபிடிப்பு அல்ல; சி ஷார்ப் மொழியில் 2012-ஆம் ஆண்டிலேயே இதே சொல் இணை வந்துவிட்டது, ஜாவாஸ்கிரிப்ட் 2017-இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே இங்கே கற்பதை அந்த மொழிகளுக்கும் எடுத்துச் செல்லலாம்.

ஒரு செயற்கூறின் வரையறைக்கு முன்னால் 'ஏசிங்க்' என்று எழுதினால், அது நடுவழியில் நிறுத்தி வைக்கப்பட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடரக்கூடிய செயற்கூறாகிறது. இதைக் கோரூட்டின் என்பார்கள். அதற்குள் 'அவெய்ட்' என்று எழுதும் இடம், குடத்தை வைத்துவிட்டு நகரும் இடம். 'இந்த விடை வர நேரமாகும். அதுவரை மற்றவர்களைக் கவனித்துக்கொள்' என்று அந்த வரி ஈவென்ட் லூப்பிடம் சொல்கிறது. லூப் உடனே தயாராக இருக்கும் வேறொரு கோரூட்டினை எடுத்து ஓட்டுகிறது. எந்தக் குடம் நிரம்பியது என்று அது ஒவ்வொரு குழாயாகப் போய் எட்டிப் பார்ப்பதுமில்லை. "உன் குடம் ரொம்பிடுச்சு" என்று குரல் கொடுக்கும் வேலையை இயங்குதளம் செய்கிறது. லினக்ஸில் அந்த வசதிக்கு ஈபோல் என்று பெயர்.

நிரலின் வடிவம் இதுதான். 'ஒருகோப்பை_இறக்கு' என்று ஓர் ஏசிங்க் செயற்கூறு. அது முகவரியைப் பெற்று, கோரிக்கையை அனுப்பி, மறுமொழிக்கு அவெய்ட் செய்து, வருவதைக் கோப்பில் எழுதுகிறது. 'முதன்மை' என்று இன்னோர் ஏசிங்க் செயற்கூறு. அது 200 முகவரிகளுக்கும் 200 டாஸ்க்குகளை (லூப்பிடம் ஒப்படைக்கும் வேலைகளை) உருவாக்கி, அனைத்தும் முடியும்வரை அவெய்ட் செய்கிறது. கடைசி வரியில் 'ஏசிங்க்ஐஓ.ரன்' என்று எழுதி 'முதன்மை'யை அதனிடம் ஒப்படைத்தால் லூப் ஓடத் தொடங்கும். எச்டிடிபி கோரிக்கைக்கு 'ரிக்வெஸ்ட்ஸ்' இங்கே உதவாது. 'ஏஐஓஎச்டிடிபி' அல்லது 'எச்டிடிபிஎக்ஸ்' நூலகத்தைப் பயன்படுத்த வேண்டும்.

உதவாது என்று ஏன் சொல்கிறேன்? ரிக்வெஸ்ட்ஸை ஓர் ஏசிங்க் செயற்கூறுக்குள் எழுதினால் பிழைச் செய்தி எதுவும் வராது, நிரல் ஓடும். ஆனால் அந்தப் பெண் ஒரு குழாயடியில் கல்லாய் நின்றுவிடுவார். லூப் என்பது ஒரே ஆள் என்பதால், அதற்குள் எந்த ஒரு வரி காத்து நின்றாலும் அனைத்துப் பதிவிறக்கங்களும் அதோடு சேர்ந்து நிற்கும். 'டைம்.ஸ்லீப்' என்று எழுதுவதிலும் இதே தொல்லை உண்டு; அதற்கு மாற்றாக 'ஏசிங்க்ஐஓ.ஸ்லீப்' இருக்கிறது.

இதைவிடவும் அடிக்கடி நான் காணும் தவறு இன்னொன்று. மாணவர் முறையாக ஏசிங்க் செயற்கூறை எழுதியிருப்பார், சரியான நூலகத்தையும் எடுத்திருப்பார். பிறகு முகவரிப் பட்டியலின் மேல் ஒரு சுழலை ஓட்டி, சுழலுக்குள் 'அவெய்ட் ஒருகோப்பை_இறக்கு' என்று எழுதியிருப்பார். எல்லாச் சொற்களும் இருக்கின்றன, ஆனால் நேரம் அதே 108 நொடி. ஏனென்றால், ஒரு கோப்பு முடிந்த பிறகே சுழல் அடுத்த கோப்பைத் தொடங்குகிறது. ஒரு நேரத்தில் ஒரே குடம்தான் வெளியே இருக்கிறது. லூப் நகரத் தயாராகத்தான் இருக்கிறது, நகர்ந்து பார்க்க வேறு குடம் இல்லை. முதலில் எல்லா டாஸ்க்குகளையும் உருவாக்கிவிட்டு, அதன் பிறகு மொத்தமாகக் காத்திருக்க வேண்டும். அதற்கு 'கேதர்' என்ற பழைய வழியும், 2022-இல் பைத்தான் 3.11-இல் வந்த 'டாஸ்க்குரூப்' என்ற வழியும் உள்ளன. இரண்டுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு: ஒரு பதிவிறக்கம் பிழையில் முடிந்தால் டாஸ்க்குரூப் மற்றவற்றையும் நிறுத்திவிடும், கேதர் அந்தப் பிழையை நம்மிடம் எறிந்துவிட்டு மற்றவற்றைப் பின்னணியில் ஓடவிடும். பதிவிறக்கத்தைப் பொறுத்தவரை, ஒரு நூல் கிடைக்கவில்லை என்பதற்காக 199 நூல்களை இழக்க யாரும் விரும்பமாட்டார்கள். ஆகவே பிழையை 'ஒருகோப்பை_இறக்கு' செயற்கூறுக்குள்ளேயே பிடித்து, அந்த எண்ணைத் தனிப் பட்டியலில் குறித்து வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

எத்தனை குடம் வைக்கலாம்

இங்கேதான் நான் வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். 200 டாஸ்க்குகளையும் ஒரே நேரத்தில் ஏவிவிட்டால் என்ன ஆகும்?

முதலில் நம் பக்கத்துக் கணக்கு. மாணவியின் நிரல் ஒவ்வொரு கோப்புக்கும் புதிய இணைப்பை ஏற்படுத்தியது. 1997-இல் வந்த எச்டிடிபி 1.1 முதலே, ஒருமுறை ஏற்படுத்திய இணைப்பைத் திறந்தபடியே வைத்து அடுத்தடுத்த கோரிக்கைகளுக்குப் பயன்படுத்துவது இயல்பான நடைமுறை. ஏஐஓஎச்டிடிபியில் 'கிளையன்ட்செஷன்' என்ற ஒரே பொருளை உருவாக்கி அதையே எல்லா டாஸ்க்குகளுக்கும் கொடுத்தால் இது தானாக நடக்கும். மூன்று போக்குவரத்தில் இரண்டு மிச்சம். அரை நொடிக் காத்திருப்பு ஏறத்தாழ 0.17 நொடியாகிறது. காத்து நிற்காத முறையைத் தொடாமலேயே, இந்த ஒரு திருத்தத்தால் 108 நொடி 42 நொடியாகக் குறைந்துவிடும். இப்போது ஐந்து கோப்புகளை ஒரே நேரத்தில் இறக்கினால் 42-ஐ ஐந்தால் வகுத்து, 8.4 நொடி.

ஐம்பதை இறக்கினால்? 0.84 நொடி வராது. 200 கோப்புகளின் மொத்த அளவு 40 மெகாபைட். நொடிக்கு 40 மெகாபிட் இணைப்பில் அதை உள்ளே கொண்டுவர 8 நொடி வேண்டும், அதற்குக் கீழே எந்த நிரலாலும் இறங்க முடியாது. தெருவுக்கு வரும் மெயின் பைப் எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவுதான். அதற்குமேல் குழாய்களைப் பெருக்கினால் ஒவ்வொன்றிலும் ஒழுகும் நூல் இன்னும் மெல்லியதாகும். ஐந்தில் 8.4 நொடி, ஐம்பதில் 8 நொடி. இந்தச் சிறு வேறுபாட்டுக்காக அந்தச் சர்வரின் மேல் பத்து மடங்கு சுமையை ஏற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஏனெனில் குழாய் நமக்கு மட்டும் உரியதன்று. ஒருவரே இருபது குடங்களை வரிசையில் வைத்தால் தெரு என்ன சொல்லும் என்பது நமக்குத் தெரியும். 1998 பொங்கல் முதல் தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் மின்னூலாக்கி இலவசமாக வழங்கிவரும் மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகளை எண்ணிப் பாருங்கள். அத்தகைய தளங்களின் சர்வர்கள் நம் அவசரத்துக்காக அமைக்கப்பட்டவை அல்ல. எச்டிடிபி 1.1-இன் 1999-ஆம் ஆண்டு ஆவணம், ஒரு பயனர் ஒரு சர்வருடன் இரண்டு இணைப்புகளுக்குமேல் வைத்திருக்க வேண்டாம் என்றே அறிவுறுத்தியது. 2014-இல் வந்த திருத்தம் அந்த எண்ணிக்கையை நீக்கிவிட்டது; இருந்தாலும் உலாவிகள் இந்த நெறிமுறையில் ஒரு சர்வருக்கு ஆறு என்ற அளவில்தான் பொதுவாக நிற்கின்றன. ஏஐஓஎச்டிடிபியோ, நாம் எதுவும் சொல்லாவிட்டால் மொத்தம் 100 இணைப்புகள் வரை திறக்கும், அவை அனைத்தும் ஒரே சர்வருக்கானவையாக இருந்தாலும்கூட. தொடக்க நிலை மாணவர் ஒருவர் தம்மை அறியாமல் ஒரு சிறு தளத்தைத் திணறடிக்க இதுவே போதும்.

கட்டுப்படுத்தும் கருவிக்கு செமஃபோர் என்று பெயர். ரயில்வேயின் கைகாட்டியைக் குறிக்கும் சொல் அது. பேசின் பிரிட்ஜைத் தாண்டியதும் சென்ட்ரல் வந்துவிட்டது என்று பெட்டியை இறக்கி வைத்தவர்கள், நடைமேடை காலியாகாமல் வண்டி அங்கேயே நிற்பதைப் பார்த்திருப்பார்கள். நிரலில் நடப்பதும் அதுவே: ஐந்து என்ற எண்ணைக் கொடுத்து ஒரு செமஃபோரை உருவாக்கி, 'ஒருகோப்பை_இறக்கு' செயற்கூறின் உள்வரிகளை 'ஏசிங்க் வித்' கொண்டு அதற்குள் அடைத்துவிட்டால், 200 டாஸ்க்குகள் உருவாகியிருந்தாலும் ஐந்து மட்டுமே உள்ளே இருக்கும், ஒன்று வெளியேறினால் அடுத்தது நுழையும். இவ்வளவுக்குப் பிறகும் சர்வர் 429 என்ற நிலைக்குறியீட்டை அனுப்பினால், அளவு மீறிக் கேட்கிறாய் என்று பொருள். அதனுடன் 'ரீட்ரை ஆஃப்டர்' என்ற தலைப்பு (மறுமொழியின் முன்னால் வரும் குறிப்பு வரி) வந்திருந்தால் அதில் சொன்ன நேரம்வரை பொறுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு நொடி, இரண்டு, நான்கு என்று இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டு கேட்கலாம்.

குடத்தில் வந்திருப்பது தண்ணீர்தானா

பல கோப்புகள் ஒரே நேரத்தில் இறங்கும்போது எது எப்படி முடிந்தது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் சில சரிபார்ப்புகளை நிரலிலேயே எழுதியாக வேண்டும். நிலைக்குறியீடு, எல்லாம் சரி என்று பொருள்படும் 200 தானா என்று பார்க்காமல் வந்ததையெல்லாம் எழுதி வைத்தால், 'பக்கம் இல்லை' என்ற 404 அறிவிப்பே ஒரு மின்னூலின் பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற வரம்பையும் நாமே கொடுக்க வேண்டும். ஏஐஓஎச்டிடிபியின் இயல்பான வரம்பு ஒரு கோரிக்கைக்கு ஐந்து நிமிடம், இது சிறு கோப்புக்கு மிக அதிகம், பெரிய காணொளிக்குப் போதாது. கோப்பு பெரிதாக இருந்தால் முழுவதையும் நினைவகத்தில் வாங்கி எழுதாமல், 64 கிலோபைட் போன்ற துண்டுகளாக வாங்கி வாங்கி எழுதுவது நல்லது. ஐந்து காணொளிகள் ஒரே நேரத்தில் நினைவகத்தில் குவிந்தால் எளிய மடிக்கணினி தாங்காது.

பாதியில் அறுந்த கோப்பு, முழுக் கோப்பைப் போலவே பெயரோடு வட்டில் அமர்ந்திருப்பதுதான் இவற்றுள் மிக மோசமானது. அதனால் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி, முழுவதும் வந்த பிறகே உண்மையான பெயருக்கு மாற்ற வேண்டும். இப்படிச் செய்தால், மின்சாரம் போய் வந்தபின் நிரலை மறுபடி ஓட்டும்போது, இறுதிப் பெயரில் இருப்பவற்றை அது நம்பிக்கையோடு தாண்டிச் செல்லலாம். சர்வர் இடம் கொடுத்தால், 'ரேஞ்ச்' என்ற தலைப்பை அனுப்பி விட்ட பைட்டிலிருந்து தொடரவும் முடியும். அப்போது மறுமொழியின் நிலைக்குறியீடு 200 அல்ல, கேட்ட பகுதி மட்டும் வருகிறது என்று பொருள்படும் 206. 200 வந்தால் சர்வர் முதலிலிருந்து அனுப்புகிறது என்று பொருள். அதைப் பழைய பாதியின் முடிவில் ஒட்டிவிட்டால் கோப்பு கெட்டுவிடும்.

மாணவியின் அடுத்த திட்டம், இறக்கிய 200 நூல்களிலும் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது. அதையும் ஏசிங்க் செயற்கூறாக எழுதியிருந்தார். நேரம் சிறிதும் குறையவில்லை. நம் வீட்டு வாசல்களில் அடிபம்பும் இருக்கிறதல்லவா? குடத்தை அதன் கீழே வைத்துவிட்டு நகர முடியாது. அடித்துக்கொண்டே இருந்தால்தான் தண்ணீர் வரும். சொற்களை எண்ணுவது அடிபம்பு வேலை. செயலி அந்த நேரம் முழுவதும் உழைக்கிறது, காத்திருப்பு என்று ஒன்று அங்கே இல்லை, ஆகவே திருப்பித் தருவதற்கும் எதுவுமில்லை. அதற்கு இன்னோர் ஆளும் இன்னொரு பம்பும் வேண்டும். பைத்தானில் அந்த வேலைக்கு 'மல்டிபிராசசிங்' என்ற தொகுதியைத்தான் திறக்க வேண்டும்.